எண்பது வருட பார்பிக்யூ, கடிக்க ஒரு துண்டு இல்லை

டெக்சஸ்காரர்களுக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. ஐந்நூறு கேலன் கேஸ் தொட்டியைப் படுக்கப் போட்டு, ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி என்று வெல்டிங் பிடித்து, மாட்டு நெஞ்சுக்கறியை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். 107 டிகிரி செல்சியஸ், பன்னிரண்டு மணி நேரம். இரவெல்லாம் பக்கத்தில் நாற்காலி போட்டு விழித்திருந்த கதையை மறுநாள் தொலைக்காட்சியில் தொப்பியோடு வந்து சொல்வார்கள். சொல்லட்டும். மலேசியாவின் பேராக்கில் எங்கள் பாட்டன்மார் ஒரு வீட்டளவு ஸ்மோக்கரைக் கட்டி, டன் கணக்கில் சரக்கைத் தொங்கவிட்டு, நாலைந்து பகலும் இரவும் நெருப்பு அணையாமல் காத்தார்கள். அதுவும் வாரக் கடைசியில் மட்டும் அல்ல. ஏறக்குறைய எண்பது வருடம், இடைவிடாமல். ஒரு தொலைக்காட்சிக்காரன் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் "ருசி எப்படி?" என்ற முதல் கேள்வியிலேயே பேட்டி முடிந்திருக்கும். உள்ளே தொங்கியது கித்தா.

ரப்பர் என்று சொன்னால் படித்தவன், கித்தா என்று சொன்னால் தோட்டத்தில் பிறந்தவன். அந்தக் கித்தாவை ஏன் கறி மாதிரி புகை போட வேண்டும், அதற்கு ஏன் ஒரு கட்டடம், அதை யார் வடிவமைத்தார்கள், எத்தனை தடவை எரித்தார்கள் என்பதுதான் கதை. இது திருட்டிலிருந்து தொடங்குகிறது.

திருடியவர் பெயர் ஹென்றி விக்கம். 1876இல் பிரேசிலின் அமேசான் கரையிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். திருட்டா, ஏற்றுமதியா என்று வெள்ளைக்காரச் சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை நாசூக்காக விவாதிக்கிறார்கள். சுங்கத் துறையிடம் இது ரொம்ப மென்மையான தாவரச் சரக்கு என்று சொல்லித் தப்பித்தவரை நம் ஊரில் என்ன பெயர் சொல்லி அழைப்போம் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஆயிரம் விதைக்குப் பத்து பவுன் கூலி. அந்த எழுபதாயிரத்தில் முளைத்தது 2,700 சொச்சம். நூற்றுக்கு நாலு! இந்தக் கணக்கில் ஒரு கங்காணி தோட்டத்துக்கு ஆள் கொண்டுவந்திருந்தால் துரை அவரைத் திரும்பவும் நாகப்பட்டினத்துக்கே கப்பலேற்றியிருப்பார். விக்கத்துக்கோ 1920இல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அதில் ஒன்பதைப் பேராக்கின் கோலகங்சாருக்குக் கொண்டுவந்து பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பங்களாத் தோட்டத்தில் நட்டார்கள். அப்போதைய ரெசிடெண்ட் ஹியூ லோ. இவருக்கு முன்பு இருந்த பிர்ச் என்பவர் ஊர்க்காரர்களிடம் வரி, அடிமை முறை என்று பேசப் போய் 1875இல் பாசிர் சாலாக்கில் குத்திக் கொல்லப்பட்டார். லோ புத்திசாலி, செடி கொடி வளர்ப்பதோடும் குரங்கு வளர்ப்பதோடும் அதிகம் ஒட்டிக்கொண்டார். 1879இல் இசபெல்லா பேர்ட் என்ற பயண எழுத்தாளர் கோலகங்சார் போனபோது லோ ஊரில் இல்லை. விருந்து மேசையில் அந்த அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தவை இரண்டு குரங்குகள். மஹ்மூத், எப்லிஸ் என்று பெயர். நாற்காலி போட்டு, தட்டு வைத்து, முறையாகப் பரிமாறியிருக்கிறார்கள். பின்னாளில் எத்தனையோ துரைமாரோடு சாப்பிட நேர்ந்தவர்கள் இந்த இரண்டு குரங்குகளின் மேசை ஒழுக்கத்தை நினைத்து ஏங்கியிருக்கலாம். மேசையில் குரங்குகளுக்கு இவ்வளவு உபசாரம் நடந்தபோது, வெளியே தோட்டத்தில் மலாயாவின் தலையெழுத்தையே மாற்றப்போகிற ஒன்பது கன்றுகள் கவனிப்பாரற்று நின்றன. அவற்றில் ஒன்று இன்னமும் கோலகங்சாரில் வேலி கட்டிய மரமாக நிற்கிறது. போனால் பார்க்கலாம், வெட்ட முடியாது.

இருபது வருடம் அந்த மரத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. துரைமாருக்குக் காப்பிப் பைத்தியம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்த ரிட்லி என்பவர் மட்டும், மரம் சாகாமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, சட்டைப்பையில் விதையோடு திரிந்து, பார்க்கிற துரையிடமெல்லாம் நடுங்கள் நடுங்கள் என்று கெஞ்சினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்றார்கள். பைத்தியம் நூறு வயது வாழ்ந்தது. 83 வயதில் கல்யாணமும் செய்துகொண்டது. கிண்டல் செய்தவர்களின் காப்பி, விலை விழுந்து நோயும் வந்து பாழாய்ப்போனது. அதற்குப் பிறகு எல்லோருக்கும் புத்தி வந்து காட்டை அழித்து மரம் நட்டார்கள். மரத்தில் பால் வந்தது. அடுத்த கேள்வி: பாலை என்ன செய்வது?

அமேசான்காரன் அதற்கு எப்போதோ பதில் வைத்திருந்தான். பனங்கொட்டை மாதிரியான கொட்டைகளைப் போட்டு நெருப்பு மூட்டி, மேலே ஒரு மண் புனலைக் கவிழ்ப்பான். புனல் வாயிலிருந்து கெட்டியாகப் புகை வரும். ஒரு துடுப்பைப் பாலில் நனைத்துப் புகையில் சுழற்றுவான். ஒரு படலம் உறையும். மறுபடி நனைப்பான், மறுபடி சுழற்றுவான். நாள்கணக்கில் இதையே செய்து முப்பது நாற்பது கிலோ உருண்டையாக்கி ஆற்றில் அனுப்புவான். வெளியே கறுப்பு, உள்ளே அடுக்கடுக்காகப் பழுப்பு. லண்டன் சந்தையில் அதற்குத்தான் உச்ச விலை. பாரா துறைமுகத்து ரப்பர் என்றால் தரகர்கள் மூக்கில் வைத்துப் பார்த்துக் கண்ணை மூடுவார்களாம்.

மலாயாத் துரைமாருக்கு இது காட்டுமிராண்டி வேலையாகப் பட்டது. நாம் விஞ்ஞான முறையில் செய்வோம் என்று பாலைத் தட்டில் ஊற்றி, புளிக்கவைத்து, வட்டமாகத் தட்டி, காற்றில் காயவைத்தார்கள். அதற்கு பிஸ்கட் என்றே பெயரும் வைத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் இடம் பேராக். தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. ராமநாதபுரத்து வெயிலில் கொடியில் போட்டு உப்புக்கண்டம் காயவைத்த சனத்திடம் கேட்டிருந்தால், இந்த ஊரில் வேட்டியே காயாது, இதுவா காயப்போகிறது என்று சொல்லியிருப்பார்கள். யார் கேட்டார்கள்? பிஸ்கட்டில் பூசணம் பூத்தது. லண்டன் தரகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைத்தார்.

இந்த இடத்தில் விக்கம் மறுபடி வருகிறார். ஆஸ்திரேலியா, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ், பப்புவாப் பக்கத்துத் தீவுகள் என்று போன இடமெல்லாம் நட்டப்பட்டுவிட்டு, நரைத்த மீசையோடு வந்து, புகை போடுங்கள், புகைதான் ரகசியம் என்று பிரசங்கம் செய்தார். 1908இல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். பாலைப் புகையிலேயே உறையவைக்கும் எந்திரம் ஒன்றும் செய்தார். அதை யாரும் பெரிதாக வாங்கவில்லை. விதையைக் கொண்டுவந்தவனிடம் விதையை வாங்கிக்கொண்டு, சமையல் குறிப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்வது துரைத்தனத்துக்கே உரிய புத்தி. ஆனால் விஷயத்தில் அந்த ஆள் சொன்னது சரி. மரப்புகையில் இருக்கும் பீனால் வகைப் பொருள்கள் பூசணத்தை அண்டவிடாது. புகை போட்ட பன்றிக்கறியையும் மீனையும் கெடாமல் காப்பதும் இதே சரக்குதான். கடைசியில் துரைமார் சமரசத்துக்கு வந்தார்கள்: பாலை அமிலம் விட்டு உறைய வைப்பது, ரோலரில் விட்டுத் தகடாக்குவது, அந்தத் தகட்டைப் புகை போடுவது.

ஆகவே ஸ்மோக்கர் வேண்டும். பெரிய ஸ்மோக்கர்.

முதல் தலைமுறைப் புகைக் கொட்டகையின் வடிவமைப்பு இதோ. பலகையால் இரண்டு மாடி. கீழ்த்தளத்தில் குழி தோண்டி நெருப்பு. மேல்தளத்தில், இடைவெளி விட்ட தரைப் பலகைக்கு மேலே, மூங்கில் கழிகளில் ஈரக் கித்தாத் தகடுகள். அதாவது பற்றிக்கொண்டால் கொழுந்துவிட்டு எரியும் ஒரு பொருளை மரக் கட்டடத்துக்குள் தொங்கவிட்டு, அதற்கு நேர் கீழே நெருப்பு மூட்டுவது. இதை இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர்கள் வரைந்தார்கள். கழியிலிருந்து ஒரு தகடு நழுவிக் குழியில் விழுந்தால் போதும். சுவர் முழுக்க வருடக்கணக்கில் படிந்த கீல் அதற்காகவே காத்திருக்கும். கொட்டகை எரியும். மறுபடி கட்டுவார்கள். அதே மாதிரி.

1910 ஏப்ரலில் ரப்பர் விலை ராத்தலுக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது. லண்டனில் பங்கு வாங்கக் கூட்டம் முட்டி மோதியது. கோலகங்சார் எந்தத் திசை என்று தெரியாத பாட்டிமாரெல்லாம் பேராக் தோட்டங்களுக்கு முதலாளியானார்கள். அந்த விலையில் கொட்டகை ஒன்று எரிந்தால் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. சரக்கு போய்விட்டதே என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். உள்ளே ஆள் இருந்தானா என்பது அடுத்த வரி.

இரண்டாம் தலைமுறைக்குப் புத்தி கொஞ்சம் வந்தது. அடுப்பைக் கட்டடத்துக்கு வெளியே செங்கல்லில் கட்டினார்கள். புகை தரைக்கடியில் வாய்க்கால் வழியாக உள்ளே வரும். நெருப்பு வெளியே, சூடும் புகையும் மட்டும் உள்ளே. வழியிலேயே தீப்பொறி செத்துவிடும், சாம்பல் படிந்துவிடும். கூரை உச்சியில் திறந்து மூடும் சன்னல். 1925இல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு இது இன்னும் முன்னேறியது. நீளமான சுரங்கம் மாதிரிக் கட்டடம், தண்டவாளம், தள்ளுவண்டிகள். ஈரத் தகடுகளை ஏற்றிய வண்டி சூடு குறைந்த முனையில் நுழையும். ஒவ்வொரு நாளும் ஒரு படி முன்னே தள்ள, கடைசி நாள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும். அப்படியே வெளியே வரும். தினமும் ஒரு வண்டி உள்ளே, ஒரு வண்டி வெளியே. நெருப்பை அணைக்கவே வேண்டாம். டெக்சஸ்காரன் 'ஆஃப்செட்' என்று இன்று பல்லாயிரம் டாலர் சொல்கிறானே, அடுப்பைத் தள்ளி வைத்த அந்த அமைப்பு, இதுதான். தண்டவாளத்தோடு.

ஆனால் கட்டடம் தன்னால் புகை போடாது. புகைக்கு ஒரு ஆள் வேண்டும். இந்த ஆளைப் பற்றித் தோட்டச் சரித்திரங்களில் தேடிப் பாருங்கள். துரையின் பெயர் இருக்கும், துரையின் நாயின் படம்கூட இருக்கும். புகைக் கொட்டகைக்காரர் இருக்க மாட்டார். விடிகாலைப் பெரட்டில் பேர் கொடுத்து, மங்கும் உளியும் வாளியுமாய்க் காட்டுக்குப் போகும் பால்வெட்டுக்காரர்களைப் பற்றியாவது பாட்டு உண்டு, கதை உண்டு. எல்லோரும் லயத்தில் தூங்கும்போது கண் எரிய விழித்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை.

அவர் வேலை இப்படி. தோட்டமெங்கும் இறக்கிய பால் ஸ்டோருக்கு வரும். தண்ணீர் கலந்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, பார்மிக் அமிலம் விட்டால் மறுநாளைக்குள் தயிர்க்கட்டி மாதிரி உறைந்திருக்கும். அதை வழவழப்பான ரோலரில் பல தடவை விட்டு, கடைசியாக வரி வெட்டிய ரோலரில் விட்டால் மூன்று மில்லிமீட்டர் தடிப்பில் வரி வரியாய்த் தகடு. அந்த வரி அழகுக்கு அல்ல. பரப்பு கூடினால் சீக்கிரம் காயும். தகடு தகட்டோடு ஒட்டாது. பிறகு கொட்டகை. முதல் நாள் 45 டிகிரிக்குள் வைக்க வேண்டும், கூரைச் சன்னல் திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் அன்று வெளியே போக வேண்டியது தண்ணீர். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகி, உள்ளே அகப்பட்ட ஆவி கொப்புளம் கொப்புளமாய்க் கிளம்பும். அடுத்தடுத்த நாள் மெல்ல ஏற்றி 60க்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மேலே போனால் தகடு இளகித் தொங்கும். குறைந்தால் நடுவில் வெள்ளையாய்ப் பச்சை நிற்கும். விறகு பால் மரக்கட்டை; ஒரு கிலோ கித்தாவுக்குச் சுமார் ஒரு கிலோ விறகு. ரொம்பக் காய்ந்திருந்தால் சுவாலை வரும், புகை வராது. ரொம்ப ஈரமென்றால் புகை வரும், சூடு வராது. இரண்டையும் கலந்து போடும் கணக்கு எந்தப் புத்தகத்திலும் சரியாக எழுதப்படவில்லை. அது மூக்கில் இருந்தது.

வெப்பமானி மாட்டியிருந்தார்கள், உண்மைதான். நடுராத்திரி மழையில் யார் அதைப் பார்த்தார்கள் என்பது வேறு. காலையில் கணக்கெழுதும் கிராணி வந்து நோட்டில் 60 என்று எழுதுவார். துரை வந்து நோட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். புகைக்காரர் சுவரில் கைவைத்துப் பார்த்து ஒரு கட்டையை வெளியே இழுப்பார். மூன்று பேருமே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தியதாகச் சம்பளப் பட்டியல் சொல்லும். யாருக்கு எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

வெளியே வந்த சரக்குக்குப் பரீட்சை உண்டு. தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாய்ப் பார்ப்பார்கள். தேன் நிறத்தில் பளிச்சென்று ஒளி ஊடுருவினால் ஆர்.எஸ்.எஸ். ஒன்று. நாக்பூரை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். வரியிட்டுப் புகை போட்ட தகட்டுக்கு உலகச் சந்தை வைத்த சுருக்கப் பெயர் அது. குமிழி, கீல் சொட்டு, சாம்பல் பொட்டு, பூசணம் என்று குறை கூடக் கூட இரண்டு, மூன்று என்று இறங்கி ஐந்து வரை போகும். எந்திரம் கிடையாது, ரசாயனச் சோதனை கிடையாது. கண்ணால் பார்த்து, மூக்கால் மோந்து. டெக்சஸ்காரர்கள் கறியைக் குறுக்கே வெட்டி, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் இருக்கிறதா என்று பார்த்துப் பாராட்டுவதுபோலத்தான். பாராட்டு மட்டும் இங்கே துரைக்குப் போகும். குறை வந்தால் புகைக்காரருக்கு.

நாறுமா என்று கேட்பவர்கள் கித்தாத் தோட்டம் பக்கம் போனதில்லை என்று அர்த்தம். புகையும், உறைந்த பாலின் புளிப்பும், மங்கிலேயே உறைந்துபோன கட்டிப்பால் குவியலின் வீச்சமும் சேர்ந்த அந்த வாசனை சட்டையில் ஏறினால் மூன்று வெளுப்புக்குப் போகாது. ஈப்போவில் இப்போதெல்லாம் பெரிய பெரிய ஆட்கள் சட்டையில் மரப்புகை மணக்க பார்பிக்யூவிலிருந்து வந்து அதைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த வாசனையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளை அப்போது கடைசி வாங்கில் உட்காரவைத்தார்கள்.

கட்டடக் கதை பேசும்போது பத்து காஜா பக்கத்துக் கெல்லி துரையை விட்டுவிட முடியாது. வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர், கித்தாவில் சம்பாதித்தவர். 1915 வாக்கில் மனைவிக்காக ஒரு மாளிகை கட்ட ஆரம்பித்தார். சென்னையிலிருந்து தமிழ்க் கட்டடத் தொழிலாளர்கள், இந்தியாவிலிருந்து செங்கல், பளிங்கு. மலாயாவிலேயே முதல் லிப்ட் வைப்பது திட்டம். இடையில் விஷக் காய்ச்சல் வந்து தொழிலாளர்கள் செத்தார்கள். ஒரு மாரியம்மன் கோவில் கட்டிக் கொடுத்தார். கோவில் கூரையில் சாமிகளுக்கு நடுவே சட்டையும் தொப்பியுமாய் நிற்கும் உருவம் அவர்தான் என்று சொல்வார்கள். மாரியம்மன் பெருந்தன்மையாக இடம் கொடுத்திருக்கிறாள். 1926இல் லிஸ்பனில் நிமோனியா வந்து கெல்லி போய்ச் சேர்ந்தார். மாளிகை பாதியில் நின்றது. இன்று அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கிப் பேய் பார்க்கப் போகிறார்கள். யாரும் ஒருநாள்கூடக் குடியிருக்காத கட்டடத்துக்குச் சுற்றுலா. அதே காலத்தில் கட்டி, அரை நூற்றாண்டு இரவும் பகலும் வேலை செய்த புகைக் கொட்டகைகளுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. பேய் இல்லாத குறைதான் போலிருக்கிறது.

பிறகு விலை விழுந்தது. 1932இல் ராத்தல் இரண்டு பென்ஸுக்கும் கீழே. பன்னிரண்டு ஷில்லிங் எங்கே, இரண்டு பென்ஸ் எங்கே! பாட்டிமாரின் பங்குப் பத்திரம் அடுப்பெரிக்க உதவியது. தோட்டங்கள் கூலியை வெட்டின, ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பின.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வடக்கே இறங்கினான். பின்வாங்கிய பிரிட்டிஷார், எதிரி கையில் எதுவும் கிடைக்கக் கூடாதென்று ஸ்டோர்களிலிருந்த கித்தாவையும் எந்திரங்களையும் எரித்துக்கொண்டே தெற்கே ஓடினார்கள். நாற்பது வருடமாகக் கட்டடம் எரியக் கூடாது என்று கற்றுக்கொண்ட பாடமெல்லாம் ஒரு வாரத்தில் தலைகீழ். வந்தவனுக்கு இவ்வளவு ரப்பரை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பெட்ரோல் இல்லாததால் கித்தாவைக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டிப் பார்த்தான். டயரும் ரப்பர், எரிபொருளும் ரப்பர். தோட்டத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது. அந்த ஏறக்குறைய நான்கு வருடத்தில் ஏதாவது ஒரு புகை அடுப்பின் சாம்பலில் கிழங்கு சுடப்பட்டிருக்காதா? நிச்சயம் சுட்டிருப்பார்கள். அந்த ஸ்மோக்கர்களிலிருந்து தின்னக்கூடிய பண்டம் வெளியே வந்த காலம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்து வந்த கம்யூனிஸ்டுகளுக்குப் பிடித்த இலக்குகளில் ஒன்று புகைக் கொட்டகை. குண்டு வேண்டாம், வெடி வேண்டாம். கதவைத் திறந்து ஒரு தகட்டை அடுப்புப் பக்கம் தள்ளினால் போதும். பன்னிரண்டு வருடம் நடந்த அந்தச் சண்டையைப் போர் என்று அரசாங்கம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: போர் என்றால் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எரிந்த சொத்துக்குப் பணம் தராது. நெருப்பு எந்தக் கட்சிக்காரன் வைத்தது என்று அது எரியும்போது சொல்வதில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் தன்னால் எரிந்த கொட்டகை ஒன்றுகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கொட்டகையை உண்மையில் கொன்றது கம்யூனிஸ்டு அல்ல, 1965. அந்த வருடம் மலேசியா தரப்படுத்திய கட்டி ரப்பரை அறிமுகப்படுத்தியது. பாலையும் கட்டிப்பாலையும் துருவலாக்கி, எண்ணெய் அடுப்பின் சூட்டுக்காற்றில் சில மணி நேரத்தில் காயவைத்து, அமுக்கிக் கட்டியாக்கி, சோதனைக்கூடத்துச் சீட்டோடு பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுப்பது. நாலைந்து நாள் வேலை நாலைந்து மணி நேரத்தில். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டாம், மூக்கு வேண்டாம், ராத்திரி ஆளும் வேண்டாம். அதற்குப் பின்னாலேயே செம்பனை வந்தது. பால் மரத்தைத் தள்ளிவிட்டு எண்ணெய்ப் பனை நட்டார்கள். லயத்துச் சனம் புந்தோங், சிலிபின் என்று ஈப்போ ஓரங்களுக்கு வந்து, லோரி ஓட்டினார்கள், வெல்டிங் கற்றுக்கொண்டார்கள்.

வெல்டிங் கற்றுக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் இப்போது அதே ஈப்போவில் ஸ்மோக்கர் கட்ட ஆள் தேடுகிறார்கள். யூடியூப் பார்த்துவிட்டு 200 லிட்டர் எண்ணெய் டிரம்மோடு பட்டறைக்கு வருகிறார் ஒருவர். டிரம்முக்கு அடியில் கரி, மேலே கம்பி வலை, அதன் மேல் கறி. இதைப் பார்த்தால் 1910ஆம் ஆண்டுத் துரை ஆனந்தக் கண்ணீர் வடிப்பார்: கீழே நெருப்பு, நேர் மேலே சரக்கு! கொழுப்பு சொட்டும், சுவாலை எழும்பும், கறி கருகும். உடனே நெருப்பைத் தணிக்கிறேன் என்று மேல் துவாரத்தை மூடுவார்கள். புகை உள்ளேயே தங்கிக் கசந்து, கறியில் கீல் படியும். ஆர்.எஸ்.எஸ். ஐந்துக்குக்கூடத் தேறாது.

இரண்டாவது டிரம்மில் அடுப்பைத் தனியே பக்கத்தில் வைக்கலாம் என்று தோன்றும். இதற்குப் பதினைந்து வருட ஆராய்ச்சியும் ஓர் ஆராய்ச்சி நிலையமும் முன்பு தேவைப்பட்டது. இப்போது ஒரு கருகிய கோழி போதும். காற்று கீழே நுழைய வேண்டும், மேலே போக வேண்டும், மேல் துவாரம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கறி உள்ளே 65, 70 டிகிரிக்கு வந்ததும் மணிக்கணக்கில் ஏறாமல் அடம்பிடிக்கும்போது பதறி விறகைத் திணிக்கக் கூடாது. கறியின் தண்ணீர் ஆவியாகிச் சூட்டைத் தின்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் ஈரத்தகட்டைத் தொங்கவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்த கிழவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் இதற்குத் தனிப் பெயர் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

டிரம் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. உள்ளே வார்னிஷ் பூச்சு இருந்தால் முதலில் பெரிய நெருப்பு மூட்டி முழுக்க எரித்துச் சுரண்டுங்கள். என்ன ஊற்றி வைத்திருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடவே வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரமும் கம்பியும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. சூட்டில் அதிலிருந்து கிளம்பும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

கரிக்கு வெளிநாடு போக வேண்டாம். கோல செபெத்தாங்கில், பழைய பெயர் போர்ட் வெல்டில், பாக்காவ் மரத்தை இக்லு வடிவச் சூளைகளில் அடுக்கி ஒரு மாதம் போல வேகவைத்துக் கரியாக்குகிறார்கள். மாத்தாங் சதுப்புநிலக் காட்டை நூறு வருடத்துக்கு மேலாக முறை வைத்து வெட்டி, நட்டு, மறுபடி வளர்த்துத்தான் இந்த மரம் வருகிறது. சூளைக்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. துவாரத்தில் வரும் புகையை மோந்தே கட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேராக்கில் இந்த வித்தைக்கு மிச்சமிருக்கும் மூக்கு இப்போது அங்கேதான். நல்ல கரியில் பெரும்பங்கு ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது, அங்கேயும் கறி சுடத்தான். அதனால் சொல்லி வைத்து வாங்க வேண்டும்.

புகைக்குக் கட்டை வேண்டுமென்றால் பால் மரக்கட்டையே இருக்கிறது. எண்பது வருடம் தன் பாலையே புகை போட்டுக் காய வைத்த கட்டை. ஆனால் நாற்காலிப் பட்டறையில் மிச்சம் கிடக்கிறதே என்று அள்ளிவராதீர்கள். பால் மரத்தில் மாவுச்சத்து ஜாஸ்தி, வண்டும் பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் சாமான் செய்யும் பலகைக்கெல்லாம் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். மறுநடவுக்குச் சாய்த்த மரத்திலிருந்து நேராக வரும் பச்சைக் கட்டையைப் பிளந்து மாதக்கணக்கில் காயப்போட வேண்டும். லோரிக்காரரிடம் பேரம் பேசும்போது பார்பிக்யூவுக்கு என்று மட்டும் வாய் திறந்துவிடாதீர்கள், விலை இரண்டு மடங்காகும். கோவில் திருவிழாச் சமையலுக்கு என்று சொல்லுங்கள். வாய்த்தால் இறக்குக்கூலி கேட்காமல் போவார்.